சாம்பல் சுவர் ராத்திரியில் ஊதாவாவது ஏன்? நிறமும் மெருகும் சேர்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் கூடத்துக்குப் பெயின்ட் அடித்து முடித்த அன்று பகலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சோஃபாவின் சாம்பல் துணியில் ஒரு துண்டைக் கடைக்கு எடுத்துப் போய், ஷேட் கார்டின் மேல் வைத்துப் பார்த்து, அச்சாக ஒத்துப்போன சாம்பலைத்தான் வாங்கியிருந்தேன். சாயங்காலம் விளக்கைப் போட்டதும் சோஃபா சாம்பலாகவே இருந்தது. அதன் பின்னால் இருந்த சுவர் மட்டும் லேசான ஊதா. அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். ஊதாதான்.

இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். துணிக்கு ஏற்றிய சாயமும் பெயின்டில் கலந்த நிறமியும் வேறு வேறு பொருள்கள். ஒரு வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். வெளிச்சம் மாறினால் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். கடையின் விளக்கில் பார்த்து முடிவெடுப்பதுதான் நான் செய்த முதல் தவறு, பலரும் செய்வதும் அதுவே. பல்பு வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். வீட்டு பல்பு 2700 கெல்வின் என்றால் மஞ்சளாக எரியும். 6500 கெல்வின் என்றால் நீலம் தட்டும். அதனால் எந்த பல்பு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், நிறத்தை அப்புறம். பல்பின் அட்டையில் சிஆர்ஐ என்று ஓர் எண் இருக்கும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்கிற எண் அது. 90க்கு மேல் இருப்பதாகப் பார்த்து வாங்குவது நல்லது.

வீடு அலங்கரிக்கிறோம் என்றதும் எல்லோரும் சுவரில்தான் ஆரம்பிக்கிறார்கள். இது தலைகீழ் வரிசை. பெயின்டை ஆயிரக்கணக்கான ஷேடுகளில் கலக்கித் தருவார்கள். டைல்ஸும் கல்லும் துணியும் அப்படி இல்லை, கிடைக்கிற சில நிறங்களுக்குள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆகவே மாற்ற முடியாததில் தொடங்குங்கள்: தரை, சமையலறை மேடை, பெரிய மரச்சாமான், திரைச்சீலை, கடைசியாகச் சுவர். 60-30-10 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முக்கிய நிறம் 60 சதவீதம், துணை நிறம் 30, எடுப்பான நிறம் 10. ஆரம்பிப்பவர்களுக்கு உதவும்தான். ஆனால் சுவரையும் சோஃபாவையும் மட்டும் எண்ணிவிட்டுத் தரையை விட்டுவிடுகிறார்கள். கூடத்தில் சுவருக்கு அடுத்தபடியாகப் பெரிய பரப்பு அதுதானே!

வெள்ளையில் ஏமாறுகிறவர்கள் அதிகம். வெள்ளைக்குள்ளும் மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் என்று ஏதோ ஒரு சாயல் ஓடும். தனியாகப் பார்த்தால் தெரியாது. அச்சடிக்கும் வெள்ளைத் தாள் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள், உடனே தெரிந்துவிடும். நீலச் சாயல் கொண்ட வெள்ளைச் சுவருக்குக் கீழே கிரீம் நிற டைல்ஸ் பதித்தால், எத்தனை முறை துடைத்தாலும் தரை அழுக்காகவே தெரியும். தரையில் குற்றம் இல்லை, பக்கத்து நிறம் செய்கிற வேலை அது.

பாரிஸில் கோபெலின் என்ற புகழ்பெற்ற சித்திரத் திரை நெசவாலையில், 19ஆம் நூற்றாண்டில், சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரூல். கறுப்பு நூலில் அழுத்தம் போதவில்லை என்று அவரிடம் புகார் வந்தது. ஆராய்ந்து பார்த்தார், சாயத்தில் ஒரு குறையும் இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவே வைத்து நெய்ததால்தான் கறுப்பு சோர்ந்து தெரிந்தது. 1839இல் இதை விதியாகவே எழுதி வெளியிட்டார். பழைய நிறத்தின் மேலேயே ஒரு திட்டு புது பெயின்டைப் பூசிப் பார்க்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். சுற்றியுள்ள பழைய நிறம் கண்ணை இழுத்துவிடும். பெரிய வெள்ளை அட்டை ஒன்றில் இரண்டு கோட் அடித்து, காய்ந்த பிறகு தரையோரம், ஜன்னல் பக்கம், சோஃபாவுக்குப் பின்னால் என்று நகர்த்திப் பாருங்கள். காலையிலும் பாருங்கள், விளக்கிலும் பாருங்கள். ஷேட் கார்டில் இருக்கும் சின்னக் கட்டத்தை நம்ப வேண்டாம். நான்கு சுவரும் ஒன்றின் மேல் ஒன்று நிறத்தை எறியும்போது எந்த நிறமும் அட்டையில் பார்த்ததைவிடத் தூக்கலாகிவிடும்.

நிறத்துக்குப் பத்து நாள் யோசிப்பவர்கள் மெருகுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவதில்லை. எனக்கு மிகவும் ஆதங்கம் இதில்தான். ஒரே ஷேடைப் பளபளப்பில்லாத ‘மேட்’ வகையிலும் பளபளக்கும் ‘கிளாஸ்’ வகையிலும் வாங்கி அடுத்தடுத்துப் பூசினால் இரண்டு நிறமாகத் தெரியும். மேட் வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடிப்பதால் வெளுத்துத் தெரியும். கிளாஸ் ஒரே பக்கமாகத் திருப்பி அனுப்புவதால் அழுத்தமாகத் தெரியும். ஜன்னலை ஒட்டிய சுவரில் வெளிச்சம் சாய்வாக விழும். அங்கே பளபளப்பானதை அடித்தால் பட்டி பார்த்த இடத்தின் மேடுபள்ளம் ஒவ்வொன்றும் நிழலோடு எழுந்து நிற்கும். சரி, எல்லா இடத்திலும் மேட் அடித்துவிடலாமா? கூடாது. சுவிட்ச் பலகையைச் சுற்றி, கை பட்டுப் பட்டு, துடைத்துத் துடைத்து, சில மாதத்தில் மேட் அங்கே மட்டும் மினுங்கத் தொடங்கும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒரு வட்டம் தெரியும். மேற்கூரைக்கும் கரடான சுவருக்கும் மேட், கை படுகிற நடைவழிக்கு இரண்டுக்கும் நடுவான சாட்டின், கதவு நிலைக்கு இன்னும் கொஞ்சம் பளபளப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

உலோகத்திலும் மரத்திலும் தவறு வேறு மாதிரி. எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று துரத்துகிறோம். குழாய் குரோம், கைப்பிடி பித்தளை என்று இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் இருந்தால் போதும். மேற்பூச்சு இல்லாத பித்தளை நாளாக ஆகக் கறுக்கும் என்பதை மட்டும் தெரிந்து வாங்குங்கள். கண்ணை உறுத்துவது கிட்டத்தட்ட ஒத்துப்போவதுதான். தேக்கு நிறக் கதவுக்கு அருகே அரை ஷேடு தள்ளிய லேமினேட் அலமாரியைவிட, துணிந்து கருமையான அலமாரி மேல். அதோடு மரம் நின்ற இடத்தில் நிற்காது. வெயில் பட்டால் செர்ரி மரம் கருக்கும், வால்நட் வெளுக்கும். எண்ணெய் சார்ந்த வார்னிஷ் மஞ்சளிக்கும். இன்று சரியாகப் பொருத்தியது இரண்டு வருடத்தில் விலகிவிடும்.

டைல்ஸ் பெட்டிகளில் தொகுப்பு எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, கொஞ்சம் கூடுதலாகவே ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். பெயின்ட் டப்பாக்கள் நாலைந்து இருந்தால் பெரிய வாளியில் ஒன்றாகக் கலக்கிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் டப்பா மாறிய இடம் சுவரில் தெரியும்.

எங்கள் கூடத்தில் பல்புகளை 4000 கெல்வினுக்கு மாற்றினேன். ஊதா பாதி குறைந்தது, போகவில்லை. சோஃபாவுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சுவரை மட்டும் மஞ்சள் சாயல் ஓடும் சாம்பலில் மறுபடி அடித்தோம். அதற்கு முன் அந்தச் சாம்பலை அடித்துப் பார்த்த பெரிய அட்டை நான்கு நாள் அங்கேயே சாய்ந்து நின்றது. இப்போது அலமாரிக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது, அடுத்த மாதம் திரைச்சீலைத் துணியின் துண்டுகள் வந்ததும் அதன் மேல் வைத்துப் பார்க்க வேண்டும், இந்த முறை எங்கள் விளக்கில்.