பழைய ரோடு பைக்குக்குப் புது கியர்: 9, 10, 11, 12 ஸ்பீடில் எது?

சட்டகம் நன்றாக இருக்கிறது, கியர் மட்டும் தேய்ந்து போய்விட்டது என்ற நிலையில் பழைய ரோடு பைக் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஷிமானோ கியரும் ரிம் பிரேக்கும் உள்ள பைக்குக்கு மட்டும்தான் இது பொருந்தும். ஸ்ராம், கம்பக்னோலோ கணக்கு வேறு. செயின் கழற்றவும் கேபிள் மாற்றவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

என்னுடையது ஷிமானோவின் சோரா வகை, 9 ஸ்பீட் (பின்னால் 9 பல்சக்கரங்கள்). முன்னால் 50, 34 பல் கொண்ட இரண்டு பல்சக்கரங்கள் (50/34), பின்னால் பெரிய பல்சக்கரம் 25 பல். சமவெளியில் ஒரு குறையும் இல்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில்தான் முழங்கால் முறையிட ஆரம்பித்தது.

படி 1: எத்தனை ஸ்பீட் என்பதை மறந்துவிட்டு, எத்தனை பல் என்று பாருங்கள்

நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால், 34–25 கியரில் (முன் 34, பின் 25 பல்) மணிக்குச் சுமார் 10.3 கி.மீ. போக வேண்டியிருக்கும். 34–34 என்றால் 7.6 கி.மீ. போதும். செங்குத்தான மேட்டில் இறங்கித் தள்ளுவதா, உட்கார்ந்தே ஏறுவதா என்பதை இந்த வித்தியாசம்தான் முடிவு செய்கிறது. மலைப்பக்கமே போகாதவர் புது கேசட்டும் (பின் பல்சக்கர அடுக்கு) செயினும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

படி 2: பின் ஹப்பைத் திறந்து பாருங்கள்

நான் நீண்ட நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட இடம் இது. மெதுவாகப் படியுங்கள்.

கேசட் உட்காரும், பள்ளம் வெட்டிய உருளைக்கு ஃப்ரீஹப் என்று பெயர். 8, 9, 10 ஸ்பீட் மூன்றுக்கும் அது ஒரே நீளம், சுமார் 35 மி.மீ. 11 ஸ்பீட் ரோடு ஃப்ரீஹப் அதைவிட 1.85 மி.மீ. நீளம். புதுச் சக்கரம் வாங்க வேண்டுமா வேண்டாமா என்பது இந்த 1.85 மில்லிமீட்டரில்தான் இருக்கிறது.

கேசட்டை இறுக்கும் லாக்ரிங்கைத் திருகும் கருவி, பல்சக்கரத்தைச் சுழலாமல் பிடிக்கும் செயின் விப் இரண்டையும் வைத்துக் கேசட்டைக் கழற்றுங்கள். கழற்றியதும் அதன் பின்னால் மெல்லிய வளையம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். கிரீஸும் அழுக்கும் சேர்ந்து, ஹப்பின் பாகம் போலவே ஒட்டிக்கொண்டிருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, நகத்தால் நெம்பினால் கழன்று வரும். 9 ஸ்பீட் கேசட்டுக்குப் பின்னால் 1.85 மி.மீ. வளையம் இருந்தால், உங்கள் ஹப் ஏற்கெனவே 11 ஸ்பீடுக்கானது. அந்த வளையத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

எனக்கு வளையம் இல்லை, உருளையும் குட்டை. 11 ஸ்பீட் வேண்டுமென்றால் சக்கரத்தையே மாற்றியாக வேண்டும் என்றுதான் கேட்ட இடமெல்லாம் சொன்னார்கள். பாதி உண்மை. 11–28, 11–30, 11–32 கேசட்டுகளுக்கு நீள உருளை வேண்டும். ஆனால் ஷிமானோவின் 11–34 கேசட்டில் (எச்ஜி700, எச்ஜி800) பெரிய பல்சக்கரம் சக்கரக் கம்பிகளின் பக்கமாகச் சாய்ந்து நிற்பதால், அது பழைய குட்டை உருளையிலேயே உட்காரும். மலைக்கு வேண்டியதும் அதே 34 பல்தான் என்பதால் எனக்கு இரட்டை லாபம்.

நீள உருளை உள்ளவர்கள் இதே கேசட்டைப் போடும்போது பின்னால் 1.85 மி.மீ. வளையத்தைச் சேர்க்க வேண்டும். லாக்ரிங்கை முழுதாக முறுக்கிய பிறகும் கேசட் ஆடினால் வளையம் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். இன்னும் முறுக்கிப் பயனில்லை.

படி 3: கேபிள் இழுவை

ரோடு வகையில் 8, 9, பழைய 10 ஸ்பீட் (ஷிமானோவின் டியாக்ரா 4600, 105 5700 வகைகள் வரை) பின் டீரெய்லர்கள் (செயினைப் பல்சக்கரம் மாற்றிவிடும் பாகம்), கேபிள் 1 மி.மீ. இழுபட்டால் சுமார் 1.7 மி.மீ. நகரும். 11 ஸ்பீடில் அது 1.4 மி.மீ. அதை ஈடுகட்டப் புது லீவர் (கியர் மாற்றவும் பிரேக் பிடிக்கவும் கைப்பிடியில் இருப்பது) ஒரு சொடுக்குக்கு அதிகம் இழுக்கும். பழைய டீரெய்லரைப் புது லீவரோடு கட்டினால் செயின் பல்சக்கரம் தாண்டிக் குதிக்கும்.

2015இல் வந்த டியாக்ரா 4700 பெயருக்கு 10 ஸ்பீட். இழுவையில் அது 11 ஸ்பீட் கூட்டம். பழைய 10 ஸ்பீட் பாகங்களோடு சேராது.

படி 4: முடிவு

கையில் காசு குறைவா? 9 ஸ்பீடிலேயே இருங்கள். பழைய இழுவையில் ஒரு வரம் உண்டு: 9 ஸ்பீட் மலை சைக்கிள் டீரெய்லர் (அலிவியோ எம்4000 மாதிரி) உங்கள் ரோடு லீவரோடு அப்படியே வேலை செய்யும். அதோடு 9 ஸ்பீட் 11–34 கேசட், ஒரு செயின், அவ்வளவுதான். லீவர் நன்றாக இருப்பவர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான்.

என் லீவரும் போய்விட்டதால் 11 ஸ்பீட் 105 ஆர்7000 எடுத்தேன். பின் டீரெய்லர் வாங்கும்போது ஜிஎஸ் என்ற நீளக் கூண்டு வகையைக் கேட்டு வாங்குங்கள். எஸ்எஸ் வகை 30 பல்லோடு நின்றுவிடும். முன் டீரெய்லரையும் லீவரின் தலைமுறையிலேயே எடுங்கள். பழைய 50/34 கிராங்க் அப்படியே ஓடுகிறது.

டியாக்ரா 4700 மோசமில்லை. ஆனால் லீவரும் டீரெய்லரும் எப்படியும் மாற்றத்தான் போகிறோம், அப்புறம் ஏன் 10இல் நிற்க வேண்டும்? 12 ஸ்பீட் 105 பற்றி யோசிக்கவே வேண்டாம். அதன் லீவர்கள் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்குக்கு மட்டுமே வருகின்றன.

ஒரு எச்சரிக்கை: புது லீவர் பிரேக் கேபிளையும் அதிகம் இழுக்கும். மிகப் பழைய காலிப்பரோடு (ரிம்மைப் பிடிக்கும் பிரேக் கவ்வி) சேர்த்தால் பிரேக்கின் பிடி குறையும். இறக்கத்தில் இதைச் சோதிக்காதீர்கள், காலிப்பரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

படி 5: பொருத்துவது

கேபிள் கட்டும் முன்பே டீரெய்லரின் எச், எல் திருகுகளைச் (செயின் இரு ஓரமும் தாண்டாமல் தடுப்பவை) சரிசெய்யுங்கள். செயின் நீளத்துக்கு, டீரெய்லர் வழியே விடாமல் முன், பின் பெரிய பல்சக்கரம் இரண்டையும் சுற்றி, ஒரு அங்குலம் கூட்டி வெட்டுங்கள். டீரெய்லரின் மேல் உருளை 34 பல்லில் உரசினால் பி திருகை உள்ளே முறுக்குங்கள். சொடுக்குச் சரிசெய்வதைக் காட்ட யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

கருவியில் கஞ்சத்தனம் கூடாத ஒரே இடம் கேபிள் கட்டர். கட்டிங் பிளேயரால் வெட்டினால் கியர் கேபிளின் வெளியுறை நசுங்கி வாய் மூடிக்கொள்ளும். பிறகு எவ்வளவு திருகினாலும் கியர் சுத்தமாக விழாது.

பின்சேர்க்கை

7 ஸ்பீட் பைக் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பின் சக்கரத்தில் திருகி ஏற்றும் ஃப்ரீவீல் இருந்தால் மேலே சொன்ன ஹப் கணக்கு எதுவும் பொருந்தாது. ஹப்பையே மாற்ற வேண்டும். சட்டகத்தின் பின் இடைவெளியையும் அளந்து பாருங்கள்: பழையவற்றில் 126 மி.மீ. இருக்கும், இன்றைய ரிம் பிரேக் சக்கரங்களுக்கு 130 வேண்டும். இரும்புச் சட்டகம் என்றால் தெரிந்தவர் கையால் விரித்துக்கொள்ளலாம். அலுமினியத்திலும் கார்பனிலும் அந்த வேலையே வேண்டாம்.

இன்னொருவர் ஷிமானோவின் புது வகையான கியூஸ் வாங்கலாமா என்று கேட்டார். வாங்கலாம். ஆனால் அதன் லிங்க்கிளைடு கேசட்டும் டீரெய்லரும் பழைய வகையோடு கலக்காது. எடுப்பதானால் லீவர், டீரெய்லர், கேசட் மூன்றையும் ஒன்றாகவே எடுங்கள்.