விக்கிப்பீடியாவில் காவல் பணி: எங்கே தொடங்குவது, எதில் கவனம் வேண்டும்

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதனாலேயே யார் வேண்டுமானாலும் கெடுக்கவும் முடியும். கெட்டதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் இந்தக் காவலைப் பார்ப்பவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அவர்களில் பலரும் காவலுக்கென்று வந்தவர்கள் அல்ல. சொந்த ஊரைப் பற்றியோ பிடித்த பறவையைப் பற்றியோ ஒரு கட்டுரை எழுதியிருப்பார்கள். ஒருநாள் அதில் யாரோ கைவைத்திருப்பார்கள். சரிசெய்யப் போன இடத்தில் பக்கத்துக் கட்டுரையின் பழுதும் கண்ணில் படும். அக்கறை அப்படித்தான் பரவுகிறது. நிர்வாகி (பக்கத்தைப் பூட்டவும் பதிப்பை மறைக்கவும் கூடுதல் உரிமை உள்ள தன்னார்வலர்) என்ற பெயருக்காக வருபவர்களுக்கு இந்த வேலை சீக்கிரம் சலித்துவிடும், ஏனென்றால் இதில் பெரும்பகுதி துடைப்பம் பிடிக்கிற வேலை.

ஆகவே நீங்களும் உங்களுக்கு அக்கறையுள்ள இடத்திலிருந்தே தொடங்குங்கள். கணக்கு உருவாக்கியதும், நன்றாகத் தெரிந்த 20 அல்லது 30 கட்டுரைகளைத் திறந்து, மேலே உள்ள நட்சத்திரக் குறியை அழுத்துங்கள். அவை உங்கள் கவனிப்புப் பட்டியலில் சேர்ந்துவிடும், அவற்றில் யார் மாற்றம் செய்தாலும் அங்கே தெரியும். முதல் ஒரு மாதத்துக்கு அந்தப் பட்டியல் போதும். விஷயம் தெரிந்த கட்டுரையில்தான் பிழை சட்டென்று பிடிபடும். கை பழகிய பிறகு ‘அண்மைய மாற்றங்கள்’ பக்கத்துக்குப் போகலாம்.

அங்கே ஒவ்வொரு தொகுப்புக்கும் (ஒருவர் ஒருமுறை செய்து சேமித்த மாற்றத்துக்கும்) பக்கத்தில் ஓர் எண் இருக்கும். கூடியிருந்தால் பச்சை, குறைந்திருந்தால் சிவப்பு. அது எழுத்துகளின் எண்ணிக்கை அல்ல, பைட் கணக்கு, அதாவது கணினியில் பிடிக்கும் இடத்தின் அளவு. விக்கிப்பீடியா பயன்படுத்தும் யுனிகோடின் UTF-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள் உள்ளன, ஆக 15 பைட். எனவே −300 என்று பார்த்ததும் பதற வேண்டாம், போனது ஏறத்தாழ இரண்டு வரிதான். உண்மையில் அஞ்ச வேண்டியது 0 என்று காட்டும் தொகுப்பு. 1947-ஐ 1974 ஆக்கினால் கணக்கு மாறாது, நிறமும் வராது. ஊரின் மக்கள்தொகை, நடிகரின் பிறந்த ஆண்டு, தேர்தலில் வாங்கிய வாக்கு என எண்ணில் நடக்கும் மாற்றம் இப்படித்தான் மாதக்கணக்கில் தெரியாமல் கிடக்கும். சிறிய எண்களையும் ‘வேறுபாடு’ அழுத்திப் பாருங்கள். கட்டுரையில் கொடுத்திருக்கும் சான்றைத் திறந்து ஒப்பிட்ட பிறகே கைவையுங்கள். சில நேரம் வந்தவர் திருத்தியதே சரியாகவும் இருக்கும்.

கெட்ட தொகுப்பை நீக்கிப் பழைய நிலைக்கு மீளமைக்கும்போது புதியவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரே ஆள் தொடர்ந்து மூன்று தொகுப்புகள் செய்திருப்பார். கடைசியானதை மட்டும் ‘மீளமை’ கொடுத்துவிட்டு நகர்ந்தால், முந்தைய இரண்டும் கட்டுரையிலேயே தங்கிவிடும். ‘முன்னிலையாக்கு’ வசதி உள்ளவர்கள் அவர் தொடர்ச்சியாகச் செய்த எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் நீக்கலாம். ஆனால் இரண்டு பேர் மாறி மாறிக் கெடுத்திருந்தால் அதுவும் முதல் ஆள் கெடுத்த பதிப்பில்தான் போய் நிற்கும். அதனால் எப்போதும் ‘வரலாறு’ பக்கத்தைத் திறந்து, கடைசியாக நல்ல நிலையில் இருந்த பதிப்பைக் கண்டுபிடித்து அதற்கே திரும்புங்கள். சேமித்த பிறகு கட்டுரையை ஒருமுறை வாசியுங்கள்.

மாற்றத்தின் காரணத்தை எழுதும் சுருக்கப் பெட்டியைக் காலியாக விடாதீர்கள். ‘சான்று இல்லை’, ‘விளம்பரம்’, ‘பிற தளத்திலிருந்து நகல்’ என இரண்டு சொல் போதும். ‘விஷமம்’ என்ற சொல்லைத் தெளிவான கேட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க் கட்டுரையில் தன் பெயரைச் சேர்த்த பள்ளி மாணவர் விஷமி அல்ல, சேமித்தால் நிஜமாகவே மாறுகிறதா என்று பார்த்தவர். அவருடைய பேச்சுப் பக்கத்தில் வரவேற்பு வார்ப்புருவை (ஆயத்தமாக உள்ள வரவேற்புச் செய்தியை) இட்டு, ‘மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகுங்கள், ஏதும் ஐயம் என்றால் கேளுங்கள்’ என்று ஒரு வரி சொந்தமாக எழுதுங்கள். எச்சரிக்கை மட்டும் பார்த்தவர் திரும்பி வருவது அரிது. தமிழில் எழுத வரும் ஒவ்வொருவரும் நமக்கு வேண்டும்.

சாதி, அரச மரபு, கட்சி, நட்சத்திர நடிகர் பற்றிய கட்டுரைகளில் நிலைமை வேறு. அங்கே வருபவர் அறியாமல் எழுதுவதில்லை, நம்பி எழுதுகிறார். நீங்கள் நீக்க, அவர் சேர்க்க, அது நிற்காது. இரண்டாவது முறையோடு நிறுத்திக்கொண்டு கட்டுரையின் பேச்சுப் பக்கத்துக்குப் போங்கள். எந்த வரி, எந்தச் சான்று என்று மட்டும் பேசுங்கள். அவர் யார், எந்த ஊர் என்ற பேச்சே வேண்டாம். அதற்கும் அடங்காவிட்டால் நிர்வாகியிடம் பக்கத்தைப் பூட்டிக் காக்கச் சொல்லுங்கள். நீங்களே நிர்வாகி என்றாலும், நீங்கள் வாதாடும் கட்டுரையை நீங்களே பூட்டக் கூடாது, இன்னொருவரிடம் விடுங்கள்.

யாருடைய தொலைபேசி எண்ணோ வீட்டு முகவரியோ கட்டுரையில் ஏறியிருந்தால் மீளமைப்பது மட்டும் போதாது, பழைய பதிப்பு வரலாற்றில் அப்படியே இருக்கும். உடனே நீக்குங்கள், சுருக்கத்தில் அந்த விவரத்தைக் குறிப்பிடாதீர்கள். பயனர்கள் பொதுவில் பேசும் பக்கமான ஆலமரத்தடியிலும் அறிவிக்காதீர்கள், அறிவித்தால் எல்லோரும் போய்ப் பார்ப்பார்கள். நிர்வாகி ஒருவருக்கு மின்னஞ்சலில் இணைப்பை அனுப்பி, அந்தப் பதிப்பை மறைக்கச் சொல்லுங்கள்.

நேரம் ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும். மாற்றங்களின் வரிசை முடிவதே இல்லை, முடித்துவிட்டுத் தூங்கலாம் என்று உட்கார்ந்தால் விடிந்துவிடும். ஒரே ஆளின் தொகுப்புகளையே தேடிப் பார்க்கத் தோன்றினாலோ, மறுமொழியில் சூடு ஏறினாலோ அன்றைக்குக் காவலை விட்டுவிட்டு, உங்கள் கவனிப்புப் பட்டியலில் உள்ள ஒரு கட்டுரையில் நாலு வரி புதிதாக எழுதுங்கள். நீண்ட விடுப்பு எடுப்பதானால் உங்கள் பயனர் பக்கத்தில் ஒரு குறிப்பு வையுங்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த கட்டுரைகளின் பெயர்களையும் அதில் எழுதினால், வேறொருவர் அவற்றுக்கு நட்சத்திரம் இட்டுக்கொள்வார்.