இசை நாடகத்துக்கு மேடை சப்டைட்டில்: காது கேளாதோரும் சேர்ந்து ரசிக்க, முதன்முறை செய்பவர்களுக்கான வழிமுறை

பாட்டும் வசனமுமாக ஓடும் ஒரு நாடகத்தைக் காது கேளாத ஒருவரும், காது மிஷின் வைத்திருக்கும் ஒரு பெரியவரும், நன்றாகக் கேட்கும் அவர்கள் வீட்டாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ரசிக்க வைக்க முடியும். அதற்கு முதல் வழி, மேடையில் பேசுவதையும் பாடுவதையும் அதே நேரத்தில் ஒரு திரையில் எழுத்தாகக் காட்டும் மேடை சப்டைட்டில். பெரிய செலவு ஆகாது. ஒரு லேப்டாப், ஒரு பெரிய டிவி அல்லது புரொஜெக்டர், நாடகத்தை வரிக்கு வரி தெரிந்த ஒரு ஆள் இருந்தால் தொடங்கிவிடலாம். கல்லூரி மாணவர்கள் போடும் மியூசிக்கலுக்கும் சரி, சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த இசை நாடகத்துக்கும் சரி, வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒரே ஓர் அளவுகோலை மனதில் வையுங்கள். நாடகத்தின் கோமாளியான பபூன் ஒரு வார்த்தை விட்டதும் அரங்கம் முழுவதும் ஒரே நொடியில் சிரிக்க வேண்டும். காது கேளாத பார்வையாளர் மற்றவர்களுக்கு முன்னாலேயே சிரித்தாலும், எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு சிரித்தாலும், நம் வேலை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். கீழே சொல்லப்போகிற எல்லாமே இதற்காகத்தான்.

முதலில்: யாருக்காகச் செய்கிறோம்?

பிறவியிலேயே காது கேளாமல், சைகை மொழியிலேயே வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி. வேகமாக ஓடும் கவித்துவமான பாட்டு வரிகளைப் படித்துப் பின்தொடர்வது அவர்களுக்குச் சிரமமாக இருக்கலாம். நடுவயதில் கேட்கும் திறனை இழந்தவர்கள் சரளமாகத் தமிழ் படிப்பார்கள், ஆனால் சைகை மொழி தெரியாது. மூன்றாவது கூட்டம் காது மிஷினோ, அறுவைச் சிகிச்சையில் உட்காதில் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட்டோ வைத்திருப்பவர்கள். இவர்களுக்குக் குரல் தெளிவாக வந்தாலே பாதி நாடகம் கைக்கு வந்துவிடும்.

ஆக, சப்டைட்டில், சைகை மொழிபெயர்ப்பு, தெளிவான ஒலி என்று மூன்று வேலை. மூன்றையும் முதல் முறையே செய்ய முடியாவிட்டால் சப்டைட்டிலில் தொடங்குங்கள். ஆனால் அது எல்லோருக்கும் போதும் என்று நினைத்து அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

மேடைக்கு மேலே எழுத்து ஓடவிடும் பழக்கம் 1983 ஜனவரியில் டொரண்டோவில், கனடிய ஓபரா கம்பெனியின் ஒரு மேடையேற்றத்தில் தொடங்கியது. அன்றைய நோக்கம் ஜெர்மன் மொழி தெரியாதவர்களுக்கு உதவுவது. காது கேளாதோருக்கென்றே இதைச் செய்யும் ஸ்டேஜ்டெக்ஸ்ட் என்ற அமைப்பு பிரிட்டனில் 2000-இல் வந்தது. லண்டன் நேஷனல் தியேட்டர் 2018-இல் பார்வையாளர் போட்டுக்கொள்ளும் மூக்குக் கண்ணாடியிலேயே எழுத்து தெரியும் ஸ்மார்ட் கண்ணாடி வரை போய்விட்டது. நமக்கு இப்போதைக்கு ஒரு டிவி போதும்.

படி 1: நாடகப் பிரதியை யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள்

தமிழில் இதுதான் முதல் தடை. பிரதியை டிடிபி கடையில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள். அதை அப்படியே நகலெடுத்து ஸ்லைடில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குப்பை வரும். என்.எச்.எம். கன்வர்ட்டர் மாதிரியான இலவச மென்பொருளில் போட்டு யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு.

பிரதியில் இருப்பதும் மேடையில் பாடுவதும் ஒன்றாக இருக்காது. அதனால் ஒத்திகையைப் போனில் பதிவு செய்து, அதைக் கேட்டுப் பிரதியைத் திருத்துங்கள். நடிகர் மதுரை வழக்கில் பேசினால் சப்டைட்டிலும் மதுரை வழக்கில்தான் வர வேண்டும். அதை மேடைத் தமிழாகத் திருத்தி எழுதினால், பாத்திரத்தின் குணத்தில் பாதியைக் காது கேளாதவரிடமிருந்து நாமே பறித்துவிடுகிறோம். சுருக்கி எழுதும் ஆசையும் வரும். உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவருக்கு வாய் ஒன்று சொல்லி எழுத்து வேறொன்று சொன்னால் உடனே தெரிந்துவிடும்.

படி 2: வரிகளைப் பிரியுங்கள்

நாடகத்தின் தாளத்தைக் கண்ணுக்குக் கொண்டுவருவது இந்த வேலைதான். அதிக நேரத்தை இதற்கே கொடுங்கள்.

ஒரு ஸ்லைடில் இரண்டு வரி, ஒரு வரியில் நான்கைந்து சொல். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, அதற்கு மேல் போனால் எழுத்தைச் சிறிதாக்க வேண்டிவரும். பாடகர் மூச்சு விடும் இடத்தில் வரியை முடியுங்கள். ஓர் எடுத்துக்காட்டு:

மழை வருமென்று வயலிடம்
சொன்னேன் வயலோ என்னைப்

இப்படிப் பிரித்தால் படிப்பவர் தடுக்கி விழுவார். இப்படிப் பிரியுங்கள்:

♪ மழை வருமென்று வயலிடம் சொன்னேன்
வயலோ என்னைப் பார்த்துச் சிரித்தது ♪

கடைசிச் சொல்லில் நகைச்சுவையோ திடுக்கிடலோ இருந்தால் அந்தச் சொல்லைத் தனி ஸ்லைடுக்குத் தள்ளுங்கள். "பெட்டியைத் திறந்தேன், உள்ளே இருந்தது…" என்று ஒன்று, "உன் சேலை!" என்று அடுத்தது. இரண்டையும் ஒன்றாகக் காட்டினால் நடிகர் வாய் திறக்கும் முன்பே குட்டு உடைந்துவிடும்.

பல்லவியை நான்கு சங்கதியில், அதாவது ஒரே வரியை நான்கு விதமாக மெருகேற்றி, திரும்பத் திரும்பப் பாடுவார்கள். ஒவ்வொரு முறையும் அதே எழுத்தை அணைத்து அணைத்துப் போட வேண்டாம், கண் வலிக்கும். வரி அப்படியே நிற்கட்டும். குரலில் வரும் மாற்றத்தை மட்டும் [குரல் உச்சத்துக்கு ஏறுகிறது], [கெஞ்சலாக] என்று சேருங்கள். ஜதி சொன்னால் "தகிட தகதிமி" என்று ஒலியை அப்படியே எழுதுங்கள். நடிகரின் காலடியோடு அது பொருந்தி ஓடும்போது தாளம் கண்ணுக்கே தெரியும்.

பாட்டில்லாத இசையையும் விடாதீர்கள். [இசை] என்று வெறுமனே போடுவதால் யாருக்கும் எதுவும் புரியாது. [ஆர்மோனியம் மட்டும், மெதுவாக], [மிருதங்கம் வேகமெடுக்கிறது], [திரைக்குப் பின்னால் பறை] என்று எழுதினால் காட்சியின் மனநிலை போய்ச் சேரும். எல்லோரும் மௌனமாக இருக்கும் இடத்தில் கறுப்பு ஸ்லைடு ஒன்று கட்டாயம் வேண்டும். முடிந்துபோன வசனம் திரையில் தொங்கிக்கொண்டிருந்தால் பார்ப்பவரின் கண் நடிகரிடம் போகாது.

யார் பேசுகிறார் என்பது மேடையைப் பார்த்தால் தெரியாத இடங்களில் பெயர் போடுங்கள். குழுவாகப் பாடும்போதும் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வரும்போதும் இது அவசியம்.

படி 3: ஸ்லைடும் திரையும்

லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ், பவர்பாயின்ட், எதுவும் சரி. கறுப்புப் பின்னணி, வெள்ளை அல்லது இளமஞ்சள் எழுத்து, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எளிய எழுத்துரு. அசைவூட்டம் எதுவும் வேண்டாம். எந்த லேப்டாப்பில் தயாரித்தீர்களோ அதையே அரங்குக்கும் கொண்டுபோங்கள். வேறு கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் வரிப் பிரிப்பு எல்லாம் கலைந்துபோகும்.

எத்தனை ஸ்லைடு வரும்? இரண்டு மணி நேர நாடகம் என்றால் 7200 நொடி. சராசரியாக 5 நொடிக்கு ஒன்று என்று வைத்தால் 1440. மலைப்பாக இருக்கும். ஆனால் பாட்டுகள் திரும்ப வரும், நகலெடுத்துக்கொள்ளலாம்.

புரொஜெக்டரில் ஒரு தொல்லை உண்டு. கறுப்பு ஸ்லைடிலும் அது சாம்பல் வெளிச்சத்தைக் கசியவிடும், இருட்டுக் காட்சியில் மேடைக்கு மேலே ஒரு பேய்ச் சதுரம் தெரியும். லைட்டிங் செய்பவர் சண்டைக்கு வருவார், அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது. பெரிய எல்இடி டிவி கிடைத்தால் அதையே எடுங்கள். மேடை ஓரத்தில், நடிகரின் முகத்துக்கு முடிந்தவரை அருகில் வையுங்கள். கண் திரைக்கும் முகத்துக்கும் மாறிமாறி ஓடும் தூரம் குறைய வேண்டும். பிறகு கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். எந்த நாற்காலியிலிருந்து திரையும் மேடையும் ஒரே பார்வையில் விழுகின்றனவோ, அவற்றைக் காது கேளாத பார்வையாளர்களுக்கென ஒதுக்கி வையுங்கள்.

படி 4: பொத்தானை அழுத்துபவர்

ஸ்லைடுகளை நேரம் வைத்துத் தானாக ஓடவிடக் கூடாது. நடிகர் ஒரு நாள் இழுத்துப் பாடுவார், ஒரு நாள் கைதட்டலுக்காக நிற்பார். ஓர் ஆள் மேடையைப் பார்த்தபடி, நடிகர் மூச்சை இழுக்கும் கணத்தில் அழுத்த வேண்டும். சங்கீதம் தெரிந்த ஆள் கிடைத்தால் விடாதீர்கள், தாள எடுப்பு எப்போது என்று அவருக்கு உடம்பிலேயே தெரியும். பொத்தானை அழுத்துபவர், நாடகத்தை முழுதாக ஓட்டிப் பார்க்கும் கடைசி ஒத்திகைகள் எல்லாவற்றுக்கும் வர வேண்டும். பக்கத்தில் அச்சிட்ட பிரதியோடு இன்னொருவர் இருந்தால், வரி தாண்டிப்போனதும் சரியான ஸ்லைடு எண்ணைச் சொல்வார். எண்ணை அடித்து என்டர் தட்டினால் அங்கே போய்விடலாம்.

சரி, இசை நாடகத்தில் நடிகர்கள் மேடையிலேயே கற்பனை செய்து பேசுவார்களே? வள்ளி திருமணம் நாடகத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கம் ஒவ்வொரு இரவும் வேறாக இருக்கும். பபூன் உள்ளூர்ச் செய்தியை இழுத்து வருவார். இதற்கு முழுத் தீர்வு கிடையாது, சமாளிக்கும் வழி உண்டு. நடிகர்களோடு முன்பே பேசி, அன்று என்ன பொருளில் தர்க்கம் செய்யப்போகிறார்கள், எந்தெந்தப் பாட்டைத் தொடுவார்கள் என்று கேளுங்கள். அந்தப் பாட்டுகளைத் தனித்தனித் தொகுப்பாகத் தயாராக வையுங்கள். இடைப்பட்ட பேச்சுக்கு, தமிழ்99 விசைப்பலகையில் வேகமாக அடிக்கும் ஒருவரை இரண்டாவது லேப்டாப்பில் உட்கார வையுங்கள். பேச்சை எழுத்தாக்கும் செயலிகள் அமைதியான அறையில் ஓரளவு கைகொடுக்கும். ஆர்மோனியமும் மிருதங்கமும் சேர்ந்து முழங்கும்போது அவற்றை நம்ப முடியாது.

படி 5: சைகை மொழி

வீட்டில் யாருக்கோ சைகை தெரியும் என்று அவரைக் கடைசி நாளில் மேடை ஏற்றாதீர்கள். நாடகத்தை மொழிபெயர்ப்பது தனித் திறமை. டெல்லியில் 2015-இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. உங்கள் மாவட்டத்துக் காதுகேளாதோர் பள்ளியிலும் சங்கத்திலும் விசாரித்தால் பயிற்சி பெற்றவர்களைக் காட்டுவார்கள். உரிய சம்பளம் கொடுங்கள். இரண்டு மணி நேரத்தை ஒருவரே தாங்க முடியாது, இருவர் வேண்டும்.

சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு, தமிழ் வரியைச் சொல்லுக்குச் சொல் கையால் காட்ட முடியாது. "நிலவே, தூது போ" என்ற வரியில் நிலவு எங்கே நிற்கிறது, யாரிடம் போகிறது என்பதைக் கையும் முகமும் காற்றில் வரைந்து காட்டும். இதை முடிவு செய்ய, சைகை மொழியையே தாய்மொழியாகக் கொண்ட காது கேளாத ஒருவர் மொழிபெயர்ப்பாளர்களோடு ஒத்திகையில் உட்கார வேண்டும். என் அனுபவத்தில் அப்படி ஒருவர் இருந்த ஒத்திகைக்கும் இல்லாத ஒத்திகைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அவருக்கும் சம்பளம் உண்டு.

மொழிபெயர்ப்பாளர் மேல் தனி விளக்கு எரிய வேண்டும், மேடை இருளும் போதும் அது அணையக் கூடாது. உடை ஒரே நிறத்தில், தோல் நிறத்திலிருந்து பிரிந்து தெரிய வேண்டும்.

இன்னும் தூரம் போக ஆசை இருந்தால், காது கேளாத நடிகர்களையே மேடையில் சேருங்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் 1991-இல் தொடங்கிய டெஃப் வெஸ்ட் தியேட்டர் இதைத்தான் செய்தது. அவர்களுடைய ‘பிக் ரிவர்’ 2003-இலும் ‘ஸ்பிரிங் அவேக்கனிங்’ 2015-இலும் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வே வரை போயின. காது கேளாத நடிகர் சைகையில் பாட, இன்னொருவர் அவருக்குக் குரல் கொடுப்பார். ‘பிக் ரிவரில்’ ஓரிடத்தில் இசையும் குரலும் முழுவதுமாக நின்றுவிடும், குழு முழுவதும் சைகையிலேயே பாட்டைத் தொடரும். கேட்கும் பார்வையாளரும் அப்போது பாட்டைக் கண்ணால்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

படி 6: காது மிஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒலி

காது மிஷின் எல்லாச் சத்தத்தையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். ஒலிபெருக்கியின் அளவை ஏற்றினால் இரைச்சலும் ஏறும். அதனால் மிக்சரில் தனி வெளியீடு ஒன்றை எடுத்து, அதில் குரலைத் தூக்கலாகவும் வாத்தியங்களை அடக்கமாகவும் வையுங்கள். இருக்கைகளைச் சுற்றித் தரையில் ஒரு கம்பிச் சுற்று ஓட்டி, அதற்கான ஆம்பிளிஃபயர் வழியாக இந்த ஒலியை அனுப்பினால் கம்பி அதைக் காந்தப்புலமாக மாற்றும். டெலிகாயில் என்ற சிறு கம்பிச்சுருள் உள்ள மிஷின்களும் இம்பிளான்ட்களும் "டி" நிலையில் அதை நேராகப் பிடித்துக்கொள்ளும். இதற்கு லூப் என்று பெயர், வாடகைக்குக் கிடைக்கிறதா என்று ஒலி அமைப்பவரிடம் கேளுங்கள். விளக்கு டிம்மர்களும் எலக்ட்ரிக் கிட்டாரும் அருகே இருந்தால் ரீங்காரம் வரும், முன்பே சோதியுங்கள். எல்லா மிஷினிலும் டெலிகாயில் இருக்காது என்பதையும் அறிவிப்பில் சொல்லுங்கள்.

செலவே இல்லாத ஒன்றும் உண்டு. ஸ்டாண்டில் நிற்கும் மைக் நடிகரின் வாயை மறைக்கும். அதைக் கொஞ்சம் கீழே இறக்கினால் உதட்டைப் படிப்பவர்களுக்குப் பெரிய உதவி.

படி 7: அவர்களுக்குத் தெரிய வேண்டும்

போஸ்டரில் "விவரங்களுக்கு அழைக்கவும்" என்று மட்டும் போட்டால் காது கேளாதவர் எப்படி அழைப்பார்? வாட்ஸாப் எண் கொடுங்கள், குறுஞ்செய்தியும் வீடியோ அழைப்பும் ஏற்கப்படும் என்று எழுதுங்கள். எந்தக் காட்சிக்குச் சப்டைட்டில், எதற்குச் சைகை மொழி என்று தேதியோடு சொல்லுங்கள். சைகை மொழியில் ஒரு நிமிட அழைப்பு வீடியோ எடுத்துச் சங்கங்களின் வாட்ஸாப் குழுக்களுக்கு அனுப்பினால் செய்தி வேகமாகப் பரவும்.

இடைவேளை அறிவிப்பு, செல்போனை அணைக்கச் சொல்வது, வரவேற்புரை, நன்றியுரை எல்லாம் திரையில் வர வேண்டும். அவசரத்தில் அரங்கை விட்டு வெளியேறச் சொல்லும் ஸ்லைடு ஒன்றை முன்பே தயாரித்து, ஒரே அழுத்தில் வரும்படி வையுங்கள். மைக்கில் மட்டும் சொன்னால் யாருக்குக் கேட்காமல் போகும் என்று உங்களுக்குத் தெரியும்.

உடை ஒத்திகைக்குக் காது கேளாத நான்கைந்து பேரை அழைத்து உட்கார வையுங்கள். எங்கே எழுத்து முந்தியது, எங்கே பிந்தியது, எந்த நாற்காலியிலிருந்து திரை மறைந்தது என்று மொழிபெயர்ப்பாளர் உதவியோடு கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அன்று இரவே ஸ்லைடுகளைத் திருத்தி, திருத்திய கோப்புக்குப் புதிய பெயர் வைத்துப் பென் டிரைவிலும் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.