பன்னிரண்டு நாள் தலைச்சுற்றல்: என் அனுபவம்

மாதவிடாய் நிற்கும் காலத்தில் வந்த இரவு வியர்வைக்காக, மருத்துவர் இரண்டு பெண் ஹார்மோன்களை, அதாவது ஈஸ்ட்ரோஜென் ஜெல்லும், மாதத்தில் 12 நாட்களுக்கு மட்டும் 200 மில்லிகிராம் புரோஜெஸ்டிரோன் கேப்சூலும் எழுதித் தந்தார். வியர்வை குறைந்தது, ஆனால் காலை பத்து மணியானால் கண்கள் சொருகி, மாடிப்படியில் கைப்பிடியை விடாமல் இறங்க வேண்டியதாயிற்று.

இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தைராய்டு எதிலும் குறையில்லை. காது மருத்துவர் தந்த மாத்திரையில் தலைச்சுற்றல் நின்றதாக நம்பினேன். அடுத்த மாதம் அது திரும்பியது.

பிறகு தினசரி நாட்காட்டியில் தலை சுற்றிய நாட்களை வட்டமிட்டேன். அவை கேப்சூல் விழுங்கிய நாட்களோடு அப்படியே பொருந்தின. காது மாத்திரையை நான் தொடங்கியது, கேப்சூல் இல்லாத நாட்களில்!

மருத்துவரின் சீட்டை எடுத்துப் பார்த்தால் 0-0-1, அதாவது இரவில் மட்டும். மருந்துக்கடை உறையிலோ 1-0-0, காலையில் மட்டும். உறையை நம்பி, நெய்ப்பொங்கல் சாப்பிட்ட கையோடு விழுங்கி வந்திருக்கிறேன். புரோஜெஸ்டிரோன் உடலில் அல்லோபிரெக்னனலோன் என்ற பொருளாக மாறி மூளையை அமைதிப்படுத்துவதால் தூக்கம் வரும் என்றும், உணவோடு எடுத்தால் இரத்தத்தில் கூடுதலாகச் சேரும் என்றும் மருத்துவர் விளக்கினார். நிறுத்திவிடலாமா என்றதற்கு உறுதியாக மறுத்தார். கருப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜென் மட்டும் எடுத்தால் கருப்பையின் உட்சவ்வு தடித்து, புற்றுநோய் அபாயம் கூடும்.

இப்போது இரவு உணவு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கும்போது எடுக்கிறேன். மூன்று மாதங்களாகத் தலைச்சுற்றல் இல்லை. பெரும் நிம்மதி.