ஓடம் வண்டியில் ஏறும்போது: தூண்டில்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்’ என்பதை வாழ்க்கைத் தத்துவமாகச் சொல்வார்கள். சின்னப் படகு ஒன்றை வாங்கி, ட்ரெய்லரில் ஏற்றி, காரில் இழுத்துப் போய் மீன் பிடிக்கிறவனுக்கு அது வாரக் கடைசி வேலை. பல வருடம் இழுத்துப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: படகு தண்ணீரில் கெடுவதைவிடத் தரையில்தான் அதிகம் கெடுகிறது. மீன் கிடைக்காமல் திரும்பிய நாளெல்லாம் மறந்துவிட்டது. தண்ணீரையே பார்க்காமல் பாதி வழியில் திரும்பிய நாட்கள் ஒன்றுகூட மறக்கவில்லை. முந்தைய நாள் மாலை கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தால் அவற்றில் பாதிக்கு மேல் நடந்தே இருக்காது.

முதல் தவறு படகு வாங்கும்போதே தொடங்கிவிடுகிறது. விளம்பரத் தாளில் போட்டிருக்கும் எடையைப் பார்த்து, ‘நம்ம கார் இழுத்துவிடும்’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது பெரும்பாலும் வெறும் படகின் எடை. எஞ்சின், பெட்ரோல், பேட்டரி எதுவும் அதில் சேர்ந்திருக்காது. பெட்ரோல் லிட்டருக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ. 100 லிட்டர் டேங்க் என்றால் 75 கிலோ. சாதாரணப் படகு பேட்டரி ஒவ்வொன்றும் இருபது கிலோவை ஒட்டி வரும். நங்கூரம், சங்கிலி, ஐஸ் பெட்டி, தூண்டில் சாமான்கள், இவற்றோடு ட்ரெய்லரின் சொந்த எடை. எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு ஒருமுறை எடை மேடையில் நிறுத்திப் பாருங்கள். வருகிற எண் பலருக்குத் தூக்கிவாரிப் போடும். இழுப்பதைவிட நிறுத்துவதுதான் கஷ்டம் என்பது அதற்குப் பிறகுதான் உறைக்கும்.

மொத்த எடையைவிட முக்கியம், அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. ட்ரெய்லரின் மூக்கு காரின் கொக்கியை அழுத்தும் எடை, மொத்த எடையில் ஐந்து முதல் பத்து சதவீதம் இருக்க வேண்டும் என்பது படகு ட்ரெய்லர்களுக்கான பொதுவான கணக்கு. 1000 கிலோவுக்கு 50 முதல் 100 கிலோ. குளியலறை எடைக் கருவியின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அதன்மேல் மூக்கை வைத்தே இதை அளந்துவிடலாம். இந்த எடை குறைந்துபோனால் வேகம் கூடக் கூட ட்ரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும். ஒரு தடவை நான் ஐஸ் நிரம்பிய பெட்டியை, எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று படகின் பின்பக்கம் மாற்றி வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். இறக்கத்தில் வேகம் பிடித்ததும் ட்ரெய்லர் பக்கவாட்டில் ஆட, காரும் சேர்ந்து ஆடியது. அந்த நேரத்தில் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிப்பதும் ஆட்டத்தைக் கூட்டவே செய்யும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறையவிட வேண்டும். கைகள் நடுங்க ஓரங்கட்டி, பெட்டியை முன்னால் நகர்த்திய பிறகு வீடு வரை ஒரு சலனமும் இல்லை.

கொக்கி மாட்டும் இடத்தில் இன்னொன்று. காரின் பின்னால் ட்ரெய்லரை மாட்டும் உருண்டையின் அளவு நாட்டுக்கு நாடு, ட்ரெய்லருக்கு ட்ரெய்லர் மாறும். 50 மில்லிமீட்டர் உண்டு. 2 அங்குலம் உண்டு. அதைவிடக் கொஞ்சம் சின்னதாக 1⅞ அங்குலமும் உண்டு. சின்ன உருண்டையில் ட்ரெய்லரின் பெரிய மூடி கச்சிதமாக உட்கார்ந்ததுபோலவே தெரியும். குழியில் ஒரு குலுக்கல் வந்தால் கழன்றுவிடும். மாட்டி, பூட்டி, முன்கால் ஜாக்கியால் மூக்கை மேலே தூக்கிப் பாருங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் மாட்டியது சரி. பாதுகாப்புச் சங்கிலிகளை மூக்குக்கு அடியில் குறுக்கே மாற்றி மாட்டுவதற்கும் காரணம் உண்டு: கொக்கி கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும்.

சக்கரத்துக்குள் நடப்பது

நடுரோட்டில் நிற்கும் படகு ட்ரெய்லரைப் பார்த்தால், ஒன்று டயர் போயிருக்கும், இல்லை பேரிங் போயிருக்கும். ட்ரெய்லர் டயர் தேய்ந்து சாவது அபூர்வம், வயதாகித்தான் சாகும். வருடத்தில் பெரும்பகுதி வெயிலில் சும்மா நிற்பதால் தரையில் படும் கட்டை புதிதுபோல இருக்கும், பக்கச்சுவர் உள்ளுக்குள் இற்றிருக்கும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருடம் கடந்துவிட்டால் அழகைப் பார்க்காமல் மாற்றிவிடுவது நல்லது. காற்றையும் டயர் சூடேறும் முன் பார்க்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் சூடாகி வெடிப்பதுதான் வழக்கமான கதை.

பேரிங் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. ஒரு மணி நேரம் ஓடிய சக்கரத்தின் ஹப், அதாவது பேரிங் உட்கார்ந்திருக்கும் நடுக்குடம், சூடாக இருக்கும். வந்த வேகத்தில் ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்கினால் ஹப் சட்டென்று குளிரும். உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்த இழுப்பில் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். கிரீஸ் பால்போல வெளுக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வீட்டில் இரண்டு மாதம் நிற்கும்போது உருளைகளில் துரு பிடிக்கும். அடுத்த பயணத்தில், வீட்டுக்கும் ஏரிக்கும் நடுவே, சரியாக உதவி கிடைக்காத இடத்தில் சக்கரம் இறுகும்.

தண்ணீர் ஓரம் வந்ததும் கால் மணி நேரம் பொறுங்கள். கட்டுகளை அவிழ்க்க, சாமான் அடுக்க எப்படியும் அவ்வளவு நேரம் ஆகும். வழியில் நிற்கும்போதெல்லாம் புறங்கையை ஹப்புக்கு அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் சுட்டால் அது எச்சரிக்கை. வருடம் ஒருமுறை பேரிங்கைக் கழற்றிக் கழுவி, புது கிரீஸ் அடைக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் இறக்குகிறவர்கள் அதற்கு முன்பே. ஸ்பிரிங் மூடி வைத்த ஹப் என்றால் அதற்குள் கிரீஸை அடி அடி என்று அடிப்பதும் தவறு. பின்னாலிருக்கும் சீல் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

ஸ்டெப்னி வைத்திருக்கிறேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். காரின் ஜாக்கி ட்ரெய்லரின் அச்சுக்கு எட்டுமா? காரின் ஸ்பேனர் ட்ரெய்லர் சக்கரத்தின் நட்டுக்குப் பொருந்துமா? இதை வீட்டு வாசலிலேயே ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்த்துவிடுவது மேல்.

சரிவில் பத்து நிமிடம்

படகு இறக்கும் சரிவில் பின்னாலிருந்து நாலு பேர் காத்திருக்கும்போது வரும் பதற்றம், தேர்வு அறையில்கூட எனக்கு வந்ததில்லை. பின்னோக்கி ஓட்டும்போது ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் ஒரு கையை வையுங்கள். ட்ரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும், மூளை குழம்பாது. நீளமான ட்ரெய்லரைவிடக் குட்டையானதுதான் சீக்கிரம் மடங்கிப் படுத்தும். கோணம் தப்பினால் முன்னே இழுத்து நேராக்கி மறுபடி வாருங்கள். காலி மைதானத்தில் இரண்டு கல்லை நட்டு ஒரு மணி நேரம் பழகியவர் யாரும் சரிவில் திணறி நான் பார்த்ததில்லை.

சாமான் ஏற்றுவது, படகை ட்ரெய்லரோடு பிணைக்கும் பின்கட்டை அவிழ்ப்பது, படகின் வடிகால் ஓட்டைக்குப் பிளக் போடுவது எல்லாம் சரிவுக்கு வெளியே, சமதரையில் முடிய வேண்டும். ஒன்றை மட்டும் அங்கே அவிழ்க்கக் கூடாது: முன்னால் இருக்கும் வின்ச் (படகை ட்ரெய்லர் மேல் இழுக்கும் சுருட்டி) கொக்கி. படகின் பின்பக்கம் மிதக்கும் வரை அது மாட்டியே இருக்கட்டும். உருளை வைத்த ட்ரெய்லரில் கொக்கியை முன்பே கழற்றியவர்களின் படகு, தண்ணீருக்குப் பத்தடி முன்னாலேயே கான்கிரீட்டில் இறங்கிவிடும். மறுபுறம், பின்கட்டை அவிழ்க்க மறந்தால் படகு மிதக்கும்போது ட்ரெய்லரையும் தூக்கப் பார்க்கும். விளக்கு வயரைக் கழற்றிவிட்டு இறக்குங்கள். ஏறி வந்ததும் மாட்ட மறக்காதீர்கள். கை பிரேக் போட்டு, கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். நீர்மட்டத்தை ஒட்டிய பாசியில் கால் வைக்கும்போது நிதானம்.

அப்புறம் அந்தப் பிளக். கட்டைவிரல் பருமன் ஓட்டை என்று அலட்சியம் வேண்டாம். நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே இருக்கும் ஓர் அங்குல ஓட்டை வழியாக நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். பத்து நிமிடத்தில் 400 கிலோ. தண்ணீர் இறைக்கும் பம்பின் மேல் எழுதியிருக்கும் அளவை நம்பி உட்காராதீர்கள். அது தண்ணீரை மேலே தூக்காத நிலைக்கான கணக்கு. குழாய் மேலேறி வளைந்து வெளியே போகும்போது வேகம் வெகுவாகக் குறையும். நான் ஒருமுறை மறந்தேன். கால் நனைந்த பிறகுதான் தெரிந்தது. அதிலிருந்து பிளக்கை எஞ்சின் சாவியோடு சேர்த்துக் கட்டி வைக்கிறேன்.

தண்ணீரில்

எஞ்சின் பிடித்ததும் அதன் பின்னால் மெல்லிய தாரையாகத் தண்ணீர் பீச்சுகிறதா என்று பாருங்கள். குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் சுழலி, தண்ணீர் இல்லாமல் ஓடினால் சில நொடிகளிலேயே கருகத் தொடங்கும். ‘பிடிக்குதா பார்ப்போம்’ என்று வீட்டு முற்றத்தில் உலர்ந்தபடி எஞ்சினை இயக்குகிறவர்கள் இதைத்தான் கொல்கிறார்கள். தண்ணீர்க் குழாய் இணைத்து மட்டுமே இயக்க வேண்டும்.

தூண்டில்காரர்களுக்கென்றே ஒரு வியாதி உண்டு. அறுந்து மிதக்கும் தூண்டில் நரம்பு புரொப்பல்லரில் சுற்றும். சுற்றியது தண்டின் பின்னால் ஒளிந்து, நாளடைவில் சீலை அறுக்கும். கியர் பெட்டிக்குள் தண்ணீர் போகும். கியர் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வடிந்தால் அதுதான் விஷயம். நாலைந்து பயணத்துக்கு ஒருமுறை புரொப்பல்லரைக் கழற்றி உள்ளே பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

பெட்ரோலை மூன்று பங்காக்குங்கள்: போக ஒன்று, வர ஒன்று, கையிருப்பு ஒன்று. படகை மெல்ல நகர்த்தும் மின்சார மோட்டாரை எஞ்சின் ஸ்டார்ட் செய்யும் பேட்டரியிலேயே ஓட்டி, மாலையில் நடுத்தண்ணீரில் சாவியைத் திருப்பிப் பார்க்கிறவர்கள் நிறைய. இரண்டுக்கும் தனித்தனிப் பேட்டரி வேண்டும்.

நங்கூரக் கயிறு ஆழத்தைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு நீளம் விட வேண்டும். ஆழத்தோடு படகின் முன்விளிம்பு நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் கூட்டுங்கள். ஐந்து மீட்டர் ஆழம், ஒரு மீட்டர் உயரம் என்றால் 30 முதல் 42 மீட்டர். கட்டுவது எப்போதும் முன்பக்கம்தான். பின்பக்கம் தாழ்வானது, எஞ்சின் எடையும் அங்கேதான். அங்கே கட்டிய படகுக்குள் ஓர் அலை ஏறினால் அடுத்ததும் ஏறும்.

எஞ்சினை நிறுத்தும் சுருள் கயிறு தொங்கிக்கொண்டிருப்பதற்கு அல்ல, உங்கள் உடம்பில் மாட்டுவதற்கு. ஓட்டுகிறவர் விழுந்தால் ஆளில்லாத படகு வட்டமடித்து அவர் மேலேயே திரும்பி வரும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைவான படகுகளில் இதை மாட்டிக்கொள்வது 2021 ஏப்ரல் முதல் சட்டமாகவே இருக்கிறது. அந்நாட்டுக் கடலோரக் காவல்படையின் ஆண்டறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருவது: படகு விபத்தில் மூழ்கி இறந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் மிதவைச் சட்டை போட்டிருக்கவில்லை. இருக்கைக்கு அடியில் மடித்து வைத்த சட்டை யாரையும் மிதக்க வைக்காது.

தூண்டிலுக்கு வருவோம். பெரிய மீன் தப்பினால் நரம்பைத் திட்டுகிறோம். பெரும்பாலும் குற்றவாளி ரீலின் ட்ராக், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக். நரம்பின் தாங்குதிறனில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் அதை வைக்க வேண்டும். 10 கிலோ நரம்பு என்றால், ஸ்பிரிங் தராசில் மாட்டி இழுத்தால் மூன்று கிலோவுக்குள் நரம்பு ஓட வேண்டும். விரலால் இழுத்துப் பார்த்துச் சொல்லும் கணக்கு யாருக்கும் சரியாக வராது. முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள். உலர்ந்து உரசும்போது வரும் சூட்டில் நைலான் நரம்பு பலமிழக்கும். பின்னல் நரம்பை வெறும் ரீலில் சுற்றினால் மொத்தமாக வழுக்கிச் சுற்றும். அடியில் சில சுற்று நைலான் வேண்டும்.

திரும்பிய பிறகு

களைப்பு அதிகம், கவனம் குறைவு. அடுத்த பயணம் கெடுவது இங்கேதான். உப்புத் தண்ணீரென்றால் எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் ஓட்டிக் கழுவுங்கள், ட்ரெய்லரையும் பிரேக்கையும்கூட. ரீலுக்கு மென்மையான தூறல் போதும். வேகத் தாரை உப்பை உள்ளேதான் தள்ளும். ட்ராக்கைத் தளர்த்தி வையுங்கள்.

ஒரு ஏரித் தண்ணீரை இன்னொரு ஏரிக்குச் சுமக்காதீர்கள். வெளியிலிருந்து வந்து ஏரிகளை ஆக்கிரமிக்கும் வரிக்குதிரைச் சிப்பி 1988-இல் வட அமெரிக்காவின் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது. கப்பல்களில் வந்த அது, உள்நாட்டு ஏரிகளுக்குப் பரவியதில் நம்மைப்போல ட்ரெய்லர் இழுக்கிறவர்களுக்கும் பங்குண்டு. அதன் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாது. படகின் மீன் தொட்டியில் தேங்கிய கொஞ்சம் தண்ணீர் போதும். செடிகொடியை அகற்றி, தண்ணீரை முழுக்க வடித்து, படகு காய்ந்த பிறகே அடுத்த ஏரி.

வீட்டில் நிறுத்தும்போது பிளக்கைக் கழற்றி, முன்கால் ஜாக்கியால் ட்ரெய்லரின் மூக்கை உயர்த்தி, படகின் மூக்கு மேலே பார்க்கும்படி வையுங்கள். பெய்கிற மழை தானே வடியும். கழற்றிய பிளக்கைச் சாவியில் கட்டிவிட்டுத் தூங்கப் போங்கள்.