சுரங்கம் வருமுன் மேற்பரப்பு நீரை அளப்பது எப்படி?

மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் அரிட்டாபட்டியையும் சேர்த்து விடப்பட்ட நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானது. கண்மாய்கள் சங்கிலியாய்த் தொடரும் இப்படிப்பட்ட மண்ணில் எங்கே குவாரி, சுரங்கம் என்று பேச்சு எழுந்தாலும், எந்தக் கண்மாய்க்கு எங்கிருந்து எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதைக் குழி தோண்டுமுன்பே அளந்து வைக்க வேண்டும். தோண்டிய பிறகு ஒப்பிட எதுவும் இருக்காது.

முதலில் எல்லை. சுற்றுச்சூழல் ஆய்வறிக்கைகள் குத்தகை நிலத்தைச் சுற்றி 10 கி.மீ. வட்டம் போடுகின்றன. தண்ணீர் வட்டத்தைப் பார்த்து ஓடுவதில்லை. 1:50,000 நிலவரைபடத்தையும், 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் நிலமட்டத்தைத் தரும் உயரத் தரவையும் க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் ஏற்றி நீர்ப்பிடிப்பை, அதாவது கண்மாய்க்கு மழைநீர் வடிந்து வரும் நிலப்பரப்பை, வரையுங்கள். இங்கேதான் பெரும்பாலும் தவறு நடக்கும். மென்பொருளில் பள்ளங்களை நிரப்பும் கட்டளை, கண்மாயையும் பழைய குவாரிக் குழியையும் தரவுப் பிழை என்று எண்ணி மூடிவிடும். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவர மேட்டைச் சுற்றி வெட்டிய வரத்துக்கால் 30 மீட்டர் தரவில் தெரியவே தெரியாது. ஆகவே கண்மாய்த் தண்ணீரைப் பங்கிட்டுவிடும் ஊர் நீர்பாய்ச்சியோடு ஒவ்வொரு வரத்துக்காலையும் நடந்து, ஜிபிஎஸ்ஸில் பதிந்து, வரைபடத்தைத் திருத்துங்கள்.

மழைமானியை மரம், கட்டடம் எதுவானாலும் அதன் உயரத்தைப் போல இரு மடங்காவது தள்ளி நடுங்கள். தினமும் காலை 8.30க்கு அளவெடுங்கள். ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மழை பெய்தால் 10 கன மீட்டர்.

ஓடையில் கருவி வைக்கப் பணம் இல்லையென்றாலும் கவலை வேண்டாம்; கண்மாயே நல்ல அளவுகோல். பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் மடையருகே சென்டிமீட்டர் குறித்த அளவுக்கம்பம் நட்டு, கோடையில் கண்மாய் வற்றியிருக்கும்போது தரைமட்டத்தை அளந்து, நீர்மட்டத்துக்கு ஏற்ற கொள்ளளவு அட்டவணை தயாரியுங்கள். மழையில்லாத நாளில், மடை மூடியிருக்க, வரத்தும் நின்றிருக்கும்போது மட்டம் இறங்குவது ஆவியாதலும் கசிவும். அதைக் கழித்தால்தான் வரத்துக் கணக்கு சரியாகும். கண்மாய் நிரம்பி மறுகால் பாயும்போது, அதாவது உபரி நீர் வெளியேறும்போது, கலிங்கு என்ற வழிந்தோடும் சுவரைத் தாண்டும் நீருக்கு 1.7 × கலிங்கின் நீளம் × அதற்கு மேல் நிற்கும் நீரின் உயரத்தின் 1.5 அடுக்கு (இரண்டும் மீட்டரில்). 10 மீட்டர் கலிங்கில் 30 செ.மீ. உயரம் போனால் விநாடிக்குச் சுமார் 2.8 கன மீட்டர். உயரத்தைக் கலிங்கின் மேலேயே அளக்காதீர்கள், அங்கே நீர் தாழ்ந்து வளையும். அந்த உயரத்தைப் போல 4 மடங்கு கண்மாய்க்கு உள்ளே தள்ளி அளவெடுங்கள். கலிங்கின் மேல் மணல்மூட்டை அடுக்கியிருந்தால் அந்த உயரத்தையும் குறியுங்கள். இரவில் வரும் உச்ச வெள்ளத்துக்கு, அடியில் துளையிட்ட குழாயினுள் ஒரு குச்சியும் தக்கைத்தூளும் போட்டு நிறுத்துங்கள். தூள் ஒட்டிய கோடு உச்ச மட்டத்தைக் காட்டும்.

அளவெடுக்கப்படாத ஓடைகளுக்கு வளைகோட்டு எண் முறை உதவும். மண்ணையும் நிலப்பயன்பாட்டையும் பொறுத்து மழையில் எவ்வளவு ஓடும் என்பதைக் காட்டுவது இந்த எண் (CN). P என்பது மழை, S என்பது நிலம் பிடித்துவைக்கக்கூடிய நீர்; எல்லாம் மி.மீ. கணக்கில். S = 25400/CN − 254; ஓட்டம் = (P − 0.2S)² / (P + 0.8S). எண் 80 என்றால் 100 மி.மீ. மழையில் சுமார் 50 மி.மீ. ஓடும். அதே நிலம் காய்ந்து கிடந்தால் எண் 63 ஆகி, ஓட்டம் சுமார் 22 மி.மீ. தான். முந்தைய 5 நாள் மழையைப் பார்க்காமல் எண்ணைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு இப்படித்தான் பாதியாகும். முடிவைக் கண்மாய் அளவோடு ஒப்பிட்டு எண்ணைத் திருத்துங்கள்.

பருவமழை அல்லாத ஒரு பருவத் தரவு போதும் என்கிறது சுற்றுச்சூழல் ஆய்வுக்கான வழக்கமான நிபந்தனை. இது இந்த மண்ணுக்குப் பொருந்தாது. மதுரைப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் கண்மாய் நிரம்புகிறது. வறண்ட ஓடையை அளந்து 'நீரோட்டம் இல்லை' என்று எழுதுவது உண்மையை மறைப்பதே. குறைந்தது ஒரு முழு வடகிழக்குப் பருவமாவது அளக்கப்பட வேண்டும் என்று கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுத்தாகக் கேளுங்கள்.

கடைசியாக இழப்புக் கணக்கு. 500 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பில் 100 ஹெக்டேரைக் குழி விழுங்கினால், மேலே சொன்ன 50 மி.மீ. ஓட்டத்தில் 50,000 கன மீட்டர் கண்மாய்க்கு வராது. விகிதம் ஐந்தில் ஒன்றுதான். ஆனால் அந்தக் குறைவால் மேல்கண்மாய் மறுகால் பாயாமல் போனால், அதை நம்பியுள்ள கீழ்க்கண்மாய்க்கு ஒரு சொட்டும் வராது. எனவே கணக்கை ஒரு கண்மாயோடு நிறுத்தாமல் சங்கிலியின் கடைசிக் கண்மாய்வரை கொண்டுபோங்கள்.