பாட்டு நமக்குத் தெரியும், சான்று எங்கே?

சேலத்தில் பழைய சினிமாப் பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் மாடர்ன் தியேட்டர்ஸ் வராமல் இருக்காது. டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய அந்த ஸ்டுடியோவுக்கு அடையாளமாக இன்று ஏற்காடு சாலையோரம் நிற்பது முகப்பு வளைவுதான். கதைகளுக்கு மட்டும் குறைவில்லை. அஸ்தம்பட்டியில் எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர், எண்பதைத் தாண்டியவர், மந்திரி குமாரியின் (1950) 'வாராய் நீ வாராய்' பாட்டை ஏற்காட்டு மலையில்தான் எடுத்தார்கள் என்று அடித்துச் சொல்வார். "தம்பி, எங்கப்பா தோள்மேல உக்காந்து நானே பார்த்தேன்." கேட்ட அன்று இரவே அந்தப் படத்தைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையில் அதை ஏற்றிவிட்டுத் தூங்கினேன். காலையில் வரி காணாமல் போயிருந்தது. நீக்கியவர் தொகுப்புச் சுருக்கத்தில் (திருத்தத்துக்கான காரணம் எழுதும் இடம்) எழுதியிருந்தது ஒரே ஒரு சொல்: 'சான்று?'

கோபம் வந்தது. கண்ணால் கண்டவரே சொல்கிறார், இதைவிட என்ன சான்று வேண்டும்? நிதானமாக யோசித்தபோதுதான் விளங்கியது. பெரியவர் பொய் சொல்கிறார் என்று யாரும் சொல்லவில்லை. கட்டுரையைப் படிக்கிற திருநெல்வேலிக்காரரோ யாழ்ப்பாணத்துக்காரரோ அஸ்தம்பட்டித் திண்ணைக்கு வந்து அவரிடம் கேட்டுச் சரிபார்க்க முடியாதே. கலைக்களஞ்சியத்தில் ஒரு தகவல் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. யாரோ ஒருவர் பொறுப்பேற்று ஏற்கெனவே வெளியிட்டிருக்க வேண்டும். இசைக் கட்டுரைகளில் நடக்கும் சண்டைகளில் பாதி, இந்த ஒன்றை மறந்துவிட்டு நம் காதையும் நினைவையும் சான்றாக நீட்டுவதால் வருபவை.

அதே பெரியவரிடம் உண்மையிலேயே பயன்படக்கூடிய ஒன்று இருந்தது. டிரங்குப் பெட்டியில் ஒரு கட்டுப் பாட்டுப் புத்தகங்கள். தியேட்டர் வாசலில் அணாக்கணக்கில் விற்றவை. தாள் பழுப்பேறி, துருப்பிடித்த பின் ஊசி ஓட்டை போட்டிருக்கும். நடிகர் பட்டியல், இசையமைப்பாளர் பெயர், 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடிகிற கதைச்சுருக்கம், அப்புறம் பாட்டு வரிகள். படம் வந்த காலத்திலேயே அச்சானது என்பதால் பெயர்களுக்கு இது நல்ல சான்று. ஆனால் இதிலும் ஒரு குழி உண்டு. நான் புரட்டிய ஒன்றில் பாடலாசிரியர்கள் என்று இரண்டு பெயர்கள் சேர்ந்தாற்போல் இருந்தன. எந்தப் பாட்டு யாருடையது என்று இல்லை. மந்திரி குமாரிக்கும் மருதகாசி, கா. மு. ஷெரீப் என்று இருவர். இப்படிப்பட்ட இடத்தில் 'நடையைப் பார்த்தாலே தெரிகிறது, இது இன்னார்தான்' என்று பாட்டுவாரியாகப் பிரித்துக் கொடுத்துவிடாதீர்கள். நடையைப் பார்த்துச் சொல்வது ஆய்வாளர் வேலை. அவர் அதை எழுதி வெளியிட்ட பிறகு நாம் அவர் பெயரைச் சொல்லி எழுதலாம். அதுவரை 'பாடல்கள்: இருவரும்' என்று விட்டால் கட்டுரைக்கு ஒரு குறையும் இல்லை.

புத்தகம் என்றால் ஃபிலிம் நியூஸ் ஆனந்தனின் 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' பட விவரங்களுக்குக் கைகொடுக்கும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய அச்சுப் பிரதிகள் ஏராளம். போக முடியாதவர்களுக்கு, திரைப்பட வரலாற்றாளர் ராண்டார் கை ஆங்கில நாளிதழில் எழுதிய பழைய படக் கட்டுரைகள் இணையத்திலேயே கிடைக்கின்றன.

இணையத்தில் கிடைக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் அடுத்த தவறில் விழுவோம். ஒரு பாட்டின் பின்னணி பற்றி நாளிதழில் வந்த துணுக்கைச் சான்றாகக் கொடுத்தேன். வாக்கிய அமைப்பு எங்கோ படித்ததுபோல் உறுத்தியது. கட்டுரையில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால், அந்த வரியை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பெயர் பதியாத பயனர் ஒருவர் சான்றில்லாமல் சேர்த்திருக்கிறார். நாளிதழ் அதைப் பார்த்து எழுதியது. நான் நாளிதழைப் பார்த்து மேற்கோள் போட்டேன். நம் வீட்டுச் சாம்பாரை எதிர்வீட்டுக் கிண்ணத்தில் வாங்கி ருசி பார்த்த கதை. தேதியை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும்: கட்டுரையில் வரி முதலில் ஏறிய நாள் எது, செய்தி வெளியான நாள் எது?

பாட்டுச் செயலிகள் காட்டும் ஆண்டையும் அப்படியே எடுக்காதீர்கள். 1950களின் பாட்டைத் தொகுப்பு ஆல்பமாகப் போட்ட ஆண்டு அங்கே நிற்கும். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஐஎம்டிபி (சினிமா விவரம்), டிஸ்காக்ஸ் (இசைத்தட்டு விவரம்) போன்ற தளங்களும் துப்புத் தேட உதவும், மேற்கோளுக்கு உதவாது.

சரி, ஒரு பாட்டு எந்த இசை வகை என்கிற சண்டைக்கு வருவோம். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஹார்ட் ராக்கா ஹெவி மெட்டலா என்று அடித்துக்கொள்வார்கள். அங்கே நடைமுறையில் ஒரு நுணுக்கம் உண்டு: ஆல்மியூசிக் என்ற இசைத் தகவல் தளத்தில் விமர்சகர் பெயரோடு வந்த விமர்சனம் செல்லும், அதே பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் வகைப் பட்டியல் செல்லாது. விமர்சனத்துக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார், பட்டியலுக்குப் பின்னால் யார் என்று தெரியாது. நம்மூரில் இந்தச் சண்டை ராகத்தின் பெயரில் நடக்கும்.

ஒரு பழைய சினிமாப் பாட்டு. பெயர் வேண்டாம், மறுபடி ஆரம்பித்துவிடுவார்கள். ஒருவர் 'ராகம்: ஆபேரி' என்று போட்டார். இன்னொருவர் 'பீம்ப்ளாஸ்' என்று மாற்றினார். மூன்றாவது ஆள் வந்து இரண்டும் தப்பு, 'கர்நாடக தேவகாந்தாரி' என்றார். மூவருக்கும் சங்கீத ஞானம் உண்டு, மூவரும் முழுக்கத் தப்பும் இல்லை. தியாகராஜரின் 'நகுமோமு' இன்று சதுச்ருதி தைவதத்தோடு ('த' சுரத்தின் உயர்ந்த வகை) பாடப்படுகிறது, ராகம் ஆபேரி என்கிறோம். தீட்சிதரின் 'வீணாபேரி'யில் ஆபேரிக்குச் சுத்த தைவதம் (அதே சுரத்தின் தாழ்ந்த வகை). அந்த மரபில் வந்தவர்களுக்கு இன்றைய ஆபேரி கர்நாடக தேவகாந்தாரி. இந்துஸ்தானி கேட்டு வளர்ந்த காதுக்கு அதே வடிவம் பீம்பலாஸி, தமிழில் பீம்ப்ளாஸ். கச்சேரி மேடையிலேயே முடியாத விவகாரத்தைத் தகவற்சட்டத்தின் (கட்டுரை ஓரத்துச் சுருக்க அட்டவணை) ஒரு கட்டத்தில் எப்படி முடிப்பது? முடிக்க வேண்டியதில்லை. கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, கட்டுரையின் உள்ளே 'இன்ன நூலில் இன்னார் இதை ஆபேரி என்கிறார். இன்னார் பீம்ப்ளாஸ் என்கிறார்' என்று இரண்டு வாக்கியம் எழுதினால் போதும். அப்படித்தான் கடைசியில் அடங்கியது.

அடங்குவதற்குள் நான்காவது ஆள் ஒரு வேலை செய்தார். ஒரு புத்தகம் பாட்டின் ராகம் பீம்ப்ளாஸ் என்கிறது. வேறொரு புத்தகம் பீம்ப்ளாஸ் இந்துஸ்தானி ராகம் என்கிறது. ஆகவே 'இப்பாடல் இந்துஸ்தானி இசை வகையைச் சேர்ந்தது' என்று எழுதி இரண்டு மேற்கோளும் போட்டார். பார்க்கக் கச்சிதமாக இருந்தது. ஆனால் அந்த முடிவு இரண்டு புத்தகத்திலும் இல்லை, அவர் மண்டையில்தான் இருந்தது. சான்றில்லாத வரியை யாராவது நீக்கிவிடுவார்கள். இப்படி இரட்டை மேற்கோளோடு நிற்கிற வரியை யாரும் தொடமாட்டார்கள். எனக்கு இதுதான் ரொம்ப ஆபத்தாகப் படுகிறது.

வாத்தியத்தை வைத்து வகை குறிப்பதும் இதே குடும்பம்தான். பறை கேட்டால் நாட்டுப்புறம், கிட்டார் கேட்டால் ராக், சென்னைப் பேச்சு வந்தால் கானா. போதாததற்கு எல்லாரையும் சமாதானப்படுத்த ஐந்தாறு வகையைக் காற்புள்ளி போட்டு அடுக்கிவிடுவார்கள். தகவற்சட்டத்தில் பொதுவான பெயர்கள் இரண்டு மூன்று போதும். நீங்கள் மாற்றியதை ஒருவர் மீளமைத்தால், அதாவது பழையபடி ஆக்கினால், உடனே திருப்பி மீளமைக்காமல் கட்டுரையின் பேச்சுப் பக்கத்துக்குப் போங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தை 24 மணி நேரத்தில் 3 முறைக்கு மேல் மீளமைத்தால் தடை விழும், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும். பாட்டு வரிகளை முழுசாக ஒட்டுவதும் வேண்டாம். இந்தியாவில் எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. பாரதி பாட்டு என்றால் கவலையில்லை.

ஊர்ப்பாசத்தில் 'முதல்' போடுவது எங்கள் ஊர்க்காரர்களின் தனி வியாதி. மாடர்ன் தியேட்டர்ஸின் அலிபாபாவும் 40 திருடர்களும் (1956) 'தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம்'. அதில் 'முழுநீள' என்ற சொல்லை உதிர்த்துவிட்டால், அதற்கு முன் சில காட்சிகளை மட்டும் வண்ணத்தில் எடுத்த படங்களோடு மோதும்.

இதே ஸ்டுடியோ மலையாளத்தின் முதல் பேசும் படமான பாலனையும் (1938) தயாரித்தது. அதனால்தானோ என்னவோ, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைப் பாட்டுகள் பற்றி ஒரு பத்தி உள்ள கட்டுரையில் யாரோ நல்லெண்ணத்தோடு 'மலையாள இசை' என்று பகுப்பு (கட்டுரைகளை இனம்பிரிக்கும் குறி) சேர்த்திருந்தார். அந்த மலையில் வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளி என்று பெயர். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களே சொல்லும் வரலாறு. கேரளத்துக்கும் அவர்களுக்கும் பெயர் ஒற்றுமையைத் தவிர ஒன்றுமில்லை. பகுப்பை எடுத்துவிட்டுக் காரணத்தைப் பேச்சுப் பக்கத்தில் எழுதினேன். கூடவே, திருவிழாவில் நான் கைப்பேசியில் பதிந்த பாட்டை வைத்து நானே எழுதியிருந்த நான்கு வரிகளையும் எடுத்தேன். அந்த மக்களைப் பற்றி தர்ஸ்டன் 1909 நூலில் எழுதியிருக்கிறார். வெள்ளைக்கார அதிகாரியின் பார்வை என்பதால் 'தர்ஸ்டன் கூற்றுப்படி' என்று போட்டுத்தான் அதைச் சேர்த்தேன். பத்தி இப்போது மூன்றே வாக்கியம்.

பெரியவரிடம் ஏற்காட்டுப் படப்பிடிப்பு வரி ஏன் போனது என்று விளக்கினேன். அந்தக் காலத்துப் பத்திரிகை எதிலாவது கட்டாயம் வந்திருக்கும் என்று, இப்போது பெட்டியில் இரண்டாவது கட்டை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்.